உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப் 2025: முடிவுகளும் அவற்றை வாசிக்கும் முறையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழில்முறை ஸ்னூக்கரின் ஒவ்வொரு சீசனும் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில், க்ரூசிபிள் தியேட்டரில்தான் முடிகிறது. 2025 ஏப்ரல் 19 முதல் மே 5 வரை, பதினேழு நாள் அங்கே நடந்த உலக சாம்பியன்ஷிப் பற்றி மீண்டும் மீண்டும் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். முடிவுகளை மட்டும் வாசித்தால் இந்தப் போட்டியில் பாதிகூடப் புரியாது. அந்த எண்கள் எப்படி உருவாயின என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2025-ல் யார் வென்றார்?

சீனாவின் ஜாவோ ஷின்டோங். இறுதி ஆட்டத்தில் வேல்ஸ் நாட்டின் மார்க் வில்லியம்ஸை 18-12 என்ற ஃபிரேம் கணக்கில் வென்றார் (பந்துகளை மேஜையில் அடுக்கி ஒரு முறை ஆடி முடிப்பது ஒரு ஃபிரேம்). ஆசியாவிலிருந்து உலக சாம்பியன் ஆன முதல் வீரர் இவர். 2016-ல் டிங் ஜுன்ஹுய் இறுதிவரை வந்து மார்க் செல்பியிடம் 14-18 என்று தோற்றிருந்தார். அதற்கும் முன்பு தாய்லாந்தின் ஜேம்ஸ் வட்டானா 1993-லும் 1997-லும் அரையிறுதியோடு நின்றார்.

18-12 என்றால் ஓரளவு நெருக்கமான ஆட்டம்தானே?

இல்லை. இந்தப் போட்டியின் ஸ்கோரை எப்போதும் செஷன் செஷனாக, அதாவது ஒரே அமர்வில் ஆடும் பகுதிகளாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். இறுதி ஆட்டம் இரண்டு நாளில் நான்கு செஷன்களாக நடக்கிறது. முதல் செஷனில் எட்டு ஃபிரேம்கள். அதிலேயே ஜாவோ 7-1 என்று போய்விட்டார். அன்று இரவு ஒன்பது ஃபிரேம்கள். வில்லியம்ஸ் ஐந்தை எடுத்து, ஒரு நாள் முடிவில் 11-6 என்று நிறுத்தினார். அந்த நிலையில் ஆட்டம் இன்னும் உயிரோடு இருந்தது. மறுநாள் பிற்பகல் ஜாவோ ஆறு, வில்லியம்ஸ் இரண்டு, ஸ்கோர் 17-8.

கடைசி செஷன் தொடங்கும்போது ஜாவோவுக்கு ஒரே ஒரு ஃபிரேம் போதும். அங்கிருந்து வில்லியம்ஸ் தொடர்ந்து நான்கை எடுத்து 17-12 ஆக்கினார். ஐம்பது வயது வீரர், தன்னைவிட இருபது வயதுக்கும் மேல் இளைய ஒருவரிடம் ஒன்பது ஃபிரேம் பின்தங்கிய பிறகு அப்படி ஆடினார் என்பதுதான் அந்த இரவின் அழகு. அடுத்த ஃபிரேமை ஜாவோ எடுத்ததும் எல்லாம் முடிந்தது. 18-12 என்ற எண்ணில் கடைசி இரவின் அந்த நான்கு ஃபிரேம்களும் அடங்கியிருக்கின்றன. முதல் செஷனின் 7-1 தான் ஆட்டத்தைத் தீர்மானித்தது.

அமெச்சூர் வீரர் ஒருவர் உலக சாம்பியன் ஆனார் என்கிறார்கள். அது எப்படி முடியும்?

உண்மைதான். அமெச்சூராக ஆடி இந்தப் பட்டத்தை வென்ற முதல் வீரரும் ஜாவோதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு எங்கிருந்தோ வந்த புதுமுகம் என்று நினைக்கக் கூடாது. 2021-ல் யுகே சாம்பியன்ஷிப்பையும் 2022-ல் ஜெர்மன் மாஸ்டர்ஸையும் வென்றவர் அவர். ஜெர்மன் மாஸ்டர்ஸ் இறுதியில் எதிராளிக்கு ஒரு ஃபிரேம்கூடக் கொடுக்காமல் 9-0 என்று முடித்தவர்.

அதன்பின் 2023 ஜனவரியில் அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். சூதாட்டம், ஆட்ட முடிவை முன்கூட்டியே பேசி வைப்பது தொடர்பாகச் சீன வீரர்கள் பத்துப் பேர் மீது நடந்த விசாரணை அது. அவர்களில் இருவருக்கு ஆயுள் தடை. ஜாவோ தன் ஆட்டம் எதையும் விற்றதாகக் குற்றச்சாட்டு இல்லை. இன்னொரு வீரரின் ஏற்பாட்டில் உடந்தையாக இருந்ததும், ஸ்னூக்கர் ஆட்டங்கள் மீது பந்தயம் கட்டியதும்தான் அவர் ஒப்புக்கொண்ட குற்றங்கள். தண்டனை இருபது மாதம். அது 2024 செப்டம்பரில் முடிந்தபோது தொழில்முறை சுற்றில் அவருக்கு இடம் இல்லை. அமெச்சூர் போட்டிகளிலிருந்து மீண்டும் ஏறி வந்துதான் உலக சாம்பியன்ஷிப் தகுதிச் சுற்றில் நுழைந்தார்.

இந்த வெற்றியைக் கொண்டாடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. விளையாட்டின் நம்பகத்தன்மையைத் தொட்ட குற்றம் அது, சிறியது அல்ல. ஆனால் விதித்த தண்டனையை முழுதாக அனுபவித்தவர், படிக்கட்டின் கீழ்ப்படியிலிருந்து ஏறி வந்தவர் என்பதும் அதே அளவு உண்மை. எதையும் மறைக்காமல் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கீழ்ப்படி என்றால் எத்தனை ஆட்டம்?

முதன்மைச் சுற்றில் முப்பத்திரண்டு பேர். அவர்களில் பதினாறு பேர் நேரடியாக வருகிறார்கள்; மற்ற பதினாறு பேர் தகுதிச் சுற்றிலிருந்து வருகிறார்கள். தகுதிச் சுற்றும் ஷெஃபீல்டிலேயே, க்ரூசிபிளில் அல்லாமல் வேறோர் அரங்கில் நடக்கிறது. ஜாவோ அதன் முதல் சுற்றிலேயே தொடங்க வேண்டியிருந்தது. நான்கு ஆட்டங்கள், ஒவ்வொன்றிலும் பத்து ஃபிரேம்கள் எடுத்தால்தான் வெற்றி. பிறகு க்ரூசிபிளில் ஐந்து ஆட்டங்கள்.

கூட்டிப் பாருங்கள். தகுதிச் சுற்றில் 40, க்ரூசிபிளில் 71, ஆக 111 ஃபிரேம்கள் வென்றுதான் அவர் கோப்பையைத் தொட்டார். நேரடியாக நுழைந்த ஒருவருக்கு 71 போதும்.

தகுதிச் சுற்றில் ஆடி வந்து க்ரூசிபிளில் பட்டம் வென்றவர்கள் அவருக்கு முன் இருவர்: 1979-ல் டெர்ரி கிரிஃபித்ஸ், 2005-ல் ஷான் மர்ஃபி.

இறுதிக்கு வந்த இருவரின் பாதையும் எப்படி இருந்தது?

ஜாவோ: ஜாக் ஜோன்ஸை 10-4, லே பெய்ஃபானை 13-10, கிறிஸ் வேக்லினை 13-5, ரோனி ஓசல்லிவனை 17-7. இவர்களில் ஜோன்ஸ் முந்தைய ஆண்டின் இறுதி ஆட்டக்காரர்.

வில்லியம்ஸ்: வூ யீஸேயை 10-8, ஹுசைன் வஃபாயியை 13-10, ஜான் ஹிக்கின்ஸை 13-12, ஜட் டிரம்ப்பை 17-14.

இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இறுதி ஆட்டம் ஏன் அப்படிப் போனது என்பது கொஞ்சம் விளங்கும். அரையிறுதி வரை ஜாவோ இழந்தவை 26 ஃபிரேம்கள். வில்லியம்ஸ் இழந்தவை 44. ஒவ்வொரு சுற்றிலும் கடைசிவரை போராடித்தான் வில்லியம்ஸ் வந்தார். ஹிக்கின்ஸுடன் கடைசி ஃபிரேம், அடுத்து உலகின் முதல் நிலை வீரர் டிரம்ப்புடன் முப்பத்தோரு ஃபிரேம்கள். அதுவரை க்ரூசிபிள் இறுதியில் ஆடியவர்களிலேயே வயதில் மூத்தவர் வில்லியம்ஸ். 2000, 2003, 2018 ஆண்டுகளில் இதே கோப்பையை வென்றவர். நான்காவது பட்டத்துக்காக இவ்வளவு தூரம் வந்ததை வெறும் இரண்டாம் இடம் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஓசல்லிவன் 17-7 என்று தோற்றது நம்பமுடியாததாக இருக்கிறதே?

முதல் செஷன் முடிவில் 4-4. ஏழு முறை பட்டம் வென்றவருக்கும் அவர் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை வீரருக்கும் இடையே சமமான ஆட்டம். இரண்டாவது செஷனில் எட்டு ஃபிரேம்கள். எட்டையும் ஜாவோ எடுத்தார். 12-4. மூன்றாவது செஷனில் 5-3. ஆட்டம் முடிந்தது. நான்காவது செஷனுக்கு வேலையே இல்லாமல் போனது.

ஸ்னூக்கரில் எதிராளி பிரேக் எடுக்கும்போது, அதாவது தவறாமல் தொடர்ந்து பந்துகளைக் குழியில் இறக்கும்போது, மற்றவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எதுவும் செய்ய முடியாது. ஒரு செஷன் முழுவதும் ஒரு ஃபிரேம்கூட வராமல் அந்த நாற்காலியிலேயே ஓசல்லிவன் உட்கார்ந்திருந்த காட்சியை க்ரூசிபிள் அரிதாகத்தான் பார்த்திருக்கிறது.

எந்தச் சுற்றில் எத்தனை ஃபிரேம்?

முதல் சுற்றில் பத்து ஃபிரேம் எடுப்பவர் வெல்கிறார். இரண்டாம் சுற்றிலும் காலிறுதியிலும் பதின்மூன்று. அரையிறுதியில் பதினேழு. இறுதியில் பதினெட்டு. முதல் சுற்று இரண்டு செஷன்களில் முடிகிறது. அடுத்த இரண்டு சுற்றுகளுக்கு மூன்று செஷன்கள், அரையிறுதிக்கும் இறுதிக்கும் நான்கு.

ஒருவர் தேவையான எண்ணிக்கையைத் தொட்டதும் ஆட்டம் முடிந்துவிடும். மீதி ஃபிரேம்கள் ஆடப்படுவதில்லை.

தரவரிசைப் போட்டி என்பது என்ன? எல்லாப் போட்டியும் அப்படித்தானா?

இல்லை. வீரரின் உலகத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்கப்படும் போட்டிதான் தரவரிசைப் போட்டி. உலக சாம்பியன்ஷிப்பும் யுகே சாம்பியன்ஷிப்பும் அந்த வகை. மாஸ்டர்ஸ் அப்படி அல்ல. பதினாறு பேரை மட்டும் அழைத்து நடத்துவதால், அங்கே வென்ற பணம் தரவரிசைக்குச் சேராது. மூன்றும் சேர்ந்து மும்முடி என்று மதிக்கப்பட்டாலும் இந்த வேறுபாடு இருக்கிறது.

தரவரிசைக்கான புள்ளிகள் பரிசுப் பணமேதான். ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி. கடைசி இரண்டு ஆண்டுகளில் தரவரிசைப் போட்டிகளில் சம்பாதித்ததைக் கூட்டிப் பட்டியல் போடுகிறார்கள். புதிய போட்டி முடிந்ததும் இரண்டு ஆண்டுக்கு முந்தைய அதே போட்டியின் பணம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். ஆகவே நன்றாக ஆடிய ஒரு வீரர் பட்டியலில் கீழே இறங்குவதும் நடக்கும். முன்பு பெரிதாக ஒன்றை வென்றிருப்பார், அது காலாவதி ஆகியிருக்கும்.

பரிசுப் பணம் எவ்வளவு?

2025-ல் மொத்தம் 23,95,000 பவுண்டு. சாம்பியனுக்கு 5,00,000. இரண்டாம் இடத்துக்கு 2,00,000. அரையிறுதியில் தோற்றவருக்கு 1,00,000, காலிறுதியில் 50,000, இரண்டாம் சுற்றில் 30,000, முதல் சுற்றில் 20,000.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நேரடியாக நுழைந்த முதல் பதினாறு பேரில் ஒருவர் முதல் சுற்றிலேயே தோற்றால் அந்த 20,000 கைக்கு வரும், தரவரிசைக்கு வராது. தகுதிச் சுற்றில் வென்று வந்து அதே சுற்றில் தோற்பவருக்குக் கணக்கில் சேரும். ஒரு ஆட்டம்கூட வெல்லாதவர் தரவரிசையில் முன்னேறக் கூடாது என்பது இதன் தர்க்கம். சரியான விதி.

உலக சாம்பியன் ஆன பிறகும் ஜாவோ ஏன் உடனே முதல் நிலைக்கு வரவில்லை?

இரண்டு ஆண்டுக் கணக்கில் அவரிடம் இருந்த பெரிய தொகை இந்த ஒரே போட்டியின் ஐந்து லட்சம்தான். மற்றவர்கள் இரண்டு சீசன் முழுக்க ஆடிச் சேர்த்திருந்தார்கள். ஆனாலும் அந்த ஒரு தொகையே அவரைப் பதினோராவது நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. பட்டியலில் இடமே இல்லாத ஒருவர் பதினேழு நாளில் முதல் பதினாறுக்குள் வருகிறார் என்றால், இந்த ஒரு போட்டிக்கு எவ்வளவு எடை கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எடை கொஞ்சம் அதிகம் என்றே நினைக்கிறேன். ஆண்டு முழுக்க நிதானமாக நல்ல முடிவுகள் தருபவரின் உழைப்பு இதில் அமுங்கிப்போகிறது.

முந்தைய சாம்பியன் என்ன ஆனார்?

2024-ல் ஜாக் ஜோன்ஸை 18-14 என்று வென்ற கைரன் வில்சன், 2025-ல் முதல் சுற்றிலேயே லே பெய்ஃபானிடம் 9-10 என்று தோற்றார். நடப்பு சாம்பியன் என்பதால் இந்தப் போட்டிக்கான வரிசைப் பட்டியலில் முதல் இடம் அவருக்குத்தான் தரப்பட்டிருந்தது. மார்க் செல்பியும் நீல் ராபர்ட்சனும்கூட முதல் சுற்றைத் தாண்டவில்லை.

இதைத்தான் க்ரூசிபிள் சாபம் என்கிறார்களா?

ஆம். 1977-ல் போட்டி க்ரூசிபிளுக்கு வந்ததிலிருந்து 2025 வரை, அங்கே முதல் முறையாகப் பட்டம் வென்ற எவரும் அடுத்த ஆண்டே அதைத் தக்கவைத்ததில்லை. ஸ்டீவ் டேவிஸ், ஸ்டீபன் ஹென்ட்ரி, ஓசல்லிவன் எல்லோரும் இதில் அடக்கம். மிக அருகில் வந்தவர்கள் இருவர்: 1987-ல் ஜோ ஜான்சனும் 1998-ல் கென் டோஹர்ட்டியும் இறுதிவரை வந்து தோற்றார்கள்.

எனக்குச் சாபத்தில் நம்பிக்கை இல்லை. நடப்பு சாம்பியன் முதல் சுற்றில் எதிர்கொள்வது தகுதிச் சுற்றில் ஆடி ஆடிக் கை சூடேறிய ஒருவரை. அரங்கமும் வசதியானது அல்ல. அரையிறுதி வரை ஒரே மேடையில் இரண்டு மேஜைகள், நடுவே ஒரு தடுப்புச் சுவர். அந்தப் பக்கம் எழும் கைதட்டல் இந்தப் பக்கம் ஷாட் அடிப்பவரின் காதில் விழும். முன்வரிசைப் பார்வையாளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பார். சுமார் 980 பேர் மட்டுமே உட்காரும் சிறிய நாடக அரங்கம் அது. அரையிறுதியில் தடுப்பை எடுத்துவிட்டு ஒரே மேஜையை நடுவில் போடும்போதுதான் நடமாட இடம் கிடைக்கிறது. 'ஒற்றை மேஜைக்கு வந்துவிட்டேன்' என்று வீரர்கள் பெருமையாகச் சொல்வது அதனால்தான்.

2025-ல் 147, அதாவது ஒரே பிரேக்கில் எடுக்கும் உச்சபட்சப் புள்ளி, யாராவது எடுத்தார்களா?

எடுத்தார் மார்க் ஆலன், இரண்டாம் சுற்றில் வேக்லினுக்கு எதிராக. பதினைந்து சிவப்புப் பந்துகள், ஒவ்வொன்றுக்குப் பிறகும் கறுப்பு, கடைசியில் ஆறு நிறப் பந்துகள்: 15, 105, 27, மொத்தம் 147. ஆனால் ஆட்டத்தை 6-13 என்று இழந்தார். எவ்வளவு பிரமாதமான பிரேக்கும் ஒரே ஒரு ஃபிரேம்தான் தரும்.

க்ரூசிபிளில் முதல் 147 எடுத்தவர் 1983-ல் கிளிஃப் தோர்பர்ன். மிக வேகமானது 1997-ல் ஓசல்லிவன் எடுத்தது: 5 நிமிடம் 8 நொடி. இறுதி ஆட்டத்தில் எடுத்த முதல் வீரர் செல்பி, 2023-ல்.

அதிகப் பட்டங்கள் யாருக்கு?

க்ரூசிபிள் காலத்தில் ஹென்ட்ரிக்கும் ஓசல்லிவனுக்கும் தலா ஏழு. டேவிஸுக்கு ஆறு. ஹிக்கின்ஸுக்கும் செல்பிக்கும் தலா நான்கு. அதற்கு முன், 1927-ல் முதல் போட்டியை வென்ற ஜோ டேவிஸ் 1946 வரை பதினைந்து பட்டங்கள் எடுத்தார். ஆனால் அப்போது ஆடியவர்கள் சிலரே. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

ஆட்டங்களைச் சுருக்கினால் என்ன? இரண்டு நாள் ஒரு ஆட்டம் பார்க்க யாருக்கு நேரம்?

சுருக்கினால் இந்தப் போட்டியே போய்விடும். மற்றப் பல தரவரிசைப் போட்டிகளில் தொடக்கச் சுற்றுகள் ஒருவர் நான்கு அல்லது ஐந்து ஃபிரேம்கள் எடுத்தாலே முடிகின்றன. 2017-ல் ஒரே ஃபிரேம், பத்தே நிமிடம் ஆடும் ஷூட் அவுட் போட்டிக்கும் தரவரிசை அந்தஸ்து கொடுத்தார்கள். எனக்கு அது அப்போதே பிடிக்கவில்லை. அவ்வளவு குறுகிய ஆட்டத்தில் அன்றைய அதிர்ஷ்டம் வெல்லும்.

நீண்ட ஆட்டத்தில் அதிர்ஷ்டம் ஒரு செஷன் இருக்கும், மறு செஷன் போய்விடும். 1992 இறுதியில் ஜிம்மி வைட் 14-8 என்று முன்னிலையில் இருந்தார். ஹென்ட்ரி அடுத்த பத்து ஃபிரேம்களையும் தொடர்ந்து எடுத்து 18-14 என்று வென்றார். 2023 அரையிறுதியில் லூகா பிரெசெல் 5-14 என்று பின்தங்கி, பதினோரு ஃபிரேம்களைத் தொடர்ந்து வென்று, சி ஜியாஹுயை 17-15 என்று முடித்தார். பிறகு பட்டத்தையும் வென்றார். ஐந்து ஃபிரேமில் முடியும் ஆட்டமாக இருந்தால் இந்த இரண்டும் தொடங்கும் முன்பே முடிந்திருக்கும்.

கடைசி ஃபிரேம் வரை போன இறுதி ஆட்டங்கள் எவை?

2025 வரை க்ரூசிபிளில் 18-17 என்று முடிந்தவை மூன்று. 1985-ல் டென்னிஸ் டெய்லர் டேவிஸையும், 1994-ல் ஹென்ட்ரி வைட்டையும், 2002-ல் பீட்டர் எப்டன் ஹென்ட்ரியையும் வென்றார்கள்.

முதலாவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். டெய்லர் தொடக்கத்தில் 0-8 என்று பின்தங்கியிருந்தார். 17-17 ஆனபின் கடைசி ஃபிரேம் மட்டும் 68 நிமிடம் நடந்தது. மேஜையில் நான்கு பந்துகள் மீதி இருந்தபோது டேவிஸ் 62-44 என்று முன்னிலை. பிரவுன் 4, நீலம் 5, பிங்க் 6, கறுப்பு 7, மொத்தம் 22. நான்கையும் எடுத்தால்தான் டெய்லருக்கு வெற்றி. முதல் மூன்றையும் எடுத்தார், 59-62. கறுப்புப் பந்துக்கு இருவரும் மாறி மாறி முயன்றார்கள். மேல்பக்கக் குழிக்கு மெல்லிய கோணத்தில் டேவிஸ் அடித்த ஷாட் தவறியது. டெய்லர் அதைக் குழியில் இறக்கினார். அந்த ஆட்டத்தில் அவர் முன்னிலை பெற்ற ஒரே தருணம் அதுதான். நள்ளிரவு தாண்டி பிரிட்டனில் 1.85 கோடிப் பேர் டிவி முன் இருந்தார்கள்.

புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர் எந்த ஆட்டத்திலிருந்து தொடங்கலாம்?

1985-ன் கடைசி ஃபிரேமிலிருந்து வேண்டாம். பந்துகள் எவ்வளவு மெதுவாக நகர்கின்றன என்றே முதலில் தோன்றும். 2025 அரையிறுதியின் இரண்டாவது செஷனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாவோ சிவப்பை எடுத்தபின் வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். குழியில் விழும் பந்தைப் பார்க்காதீர்கள். இரண்டு ஃபிரேம் முடிவதற்குள் அடுத்த ஷாட் எந்தப் பந்துக்கு என்று நீங்களே சொல்லத் தொடங்குவீர்கள். அதன்பின் 2023-ன் பிரெசெல், சி ஜியாஹுய் ஆட்டம். 1985 மூன்றாவதாக வரட்டும்.